அரை அங்குலம்

"இந்தக் கோட்ட உள்ள தள்ளிப் போடு" என்றார் ரப்பர் தோட்டத்து மண்டோர் உடையப்பன்.

குரல் உதட்டைத் தாண்டவில்லை. காலைப் பிரட்டில் ஆட்களைப் பேர் சொல்லி வேலைக்கு அனுப்ப அவர் கத்தினால் ரவாங்கில் ரயில் நின்றுவிடும் என்பார்கள். இரண்டு முறை நின்றதாகக் கணக்கெழுதும் கிராணியே சொல்லியிருக்கிறார்.

இப்போது அந்தத் தொண்டையில் புற்று. தினமும் கோலாலம்பூருக்குப் பஸ் ஏறிப்போய்க் கரண்டு வைத்துக்கொண்டு வருகிறார்.

கரண்டு எங்கே விழவேண்டும் என்று டாக்டர் அவர் கழுத்தில் ஊதா மையால் கட்டம் போட்டிருந்தார். பஸ் வேர்வையில் அது பாதி கரைந்துவிட்டது.

டாக்டரிடமே சொல்லி மறுபடி போட்டிருக்கலாம். மண்டோர், ரப்பர் மரத்துக்கு வெட்டுக்கோடு போடும் தாயம்மாவை வரச்சொன்னார். தோட்டத்திலேயே நேரான கை அவளுடையதுதான்.

"சுத்தி அரை அங்குலம் கூட விட்டிருக்கான். கேட்டா, நீ எச்சி முழுங்குவ, மூச்சு விடுவ, இளைச்சுப் போவ, கட்டி ஒரே எடத்துல நிக்காதுங்கிறான். நல்ல பட்டையையும் சேத்துப் பொசுக்குறான் லா. கஞ்சி எறங்கல."

"அவரு படிச்சவருங்க, மண்டோர்."

"படிச்சவன் எத்தன மரம் வெட்டியிருக்கான்? சொன்னதப் போடு."

முப்பது வருஷமாக ஒரு நூல் பட்டையை வீணாகவிடாத மனிதர்.

தாயம்மா கிராணியின் ஊதாப் பென்சிலை நாக்கில் நனைத்தாள்.

டாக்டர் விட்ட அரை அங்குலத்தை விட்டே போட்டால் இவருக்குத் தெரியவா போகிறது? கண்ணாடி பார்ப்பதை விட்டே ஒரு மாதமாகிறது.

அப்படிப் போடத்தான் கையை வைத்தாள்.

நாலு வருஷத்துக்கு முன் அவள் கத்தி ஒரு மரத்தில் ஆழமாக இறங்கிவிட்டது. அந்த மரத்தைக் கட்டிப்பிடித்தபடி உச்சி வெயில்வரை அவளை முட்டிபோட வைத்தார் மண்டோர். அவளுக்கு அப்போது எட்டு மாதம்.

மூன்றாம் நாள் பிறந்த பிள்ளை அழவில்லை.

செய்தி சொல்லப் போனவர்களிடம், "மரமுந்தான் அழல" என்றார்.

தாயம்மா கோட்டை உள்ளே தள்ளினாள். அவர் சொன்ன இடம்வரை. பிறகு, சொல்லாத இடம்வரை.

அவர் எச்சிலை விழுங்கினார். கோட்டுக்கு வெளியே, அவள் விரல் நுனிக்கடியில், கட்டி ஏறி இறங்கியது.

"ஒண்ணும் வெளிய நிக்கலையே?"

"எல்லாம் உள்ளதாங்க மண்டோர்."

அவள் அவரிடம் வேலை பார்த்த பதினெட்டு வருஷத்தில் முதன்முறையாக, "நல்ல கை தாயி ஒனக்கு" என்றார்.

தாயம்மா பென்சிலை மறுபடி நனைத்து, கோட்டை அழுத்தமாக்கினாள்.