தும்புத்தூளில் ஒரு பள்ளம்

ஊஞ்சலில் இருந்து விழுந்து ஒரு பிள்ளையின் கை முறிந்த பிறகு, மர்ளியா டீச்சர் பாலர் பாடசாலை ஊஞ்சலடியில் முழங்கால் உயரத்துக்குத் தேங்காய்த் தும்புத்தூள் கொட்டுவித்தார்.

மாலையில் அதை மட்டமாக்கிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். காலையில் அதில் ஒரு பிள்ளை விழுந்த பள்ளம் இருக்கும். பிள்ளைகள் ஓடிவந்து அதில் படுத்து அளவு பார்ப்பார்கள்.

“இண்டைக்கு என்ட!” என்று ஸப்ராஸ் துள்ளுவான்.

யாருக்குப் பொருந்துகிறதோ அந்தப் பிள்ளை அன்றைக்கு அதே இடத்தில் விழும். டீச்சர் முன்கூட்டியே அங்கே இன்னொரு சாக்குத் தூளைக் கொட்டிவிடுவார். பிறகு யாருக்கும் அடிபட்டதில்லை.

நேற்றுப் பள்ளம் யாருக்கும் பொருந்தவில்லை. மிக நீளம்.

“டீச்சர், இது ஒங்கட!”

மர்ளியா டீச்சர் சின்ன வயதிலும் ஊஞ்சல் ஆடியதில்லை. இரண்டு சாக்கைக் கொட்டினார். பிஸ்மி சொல்லி ஏறி உட்கார்ந்தார். பிள்ளைகள் கூச்சலிட்டுத் தள்ளினார்கள். விழுந்த இடத்திலேயே கிடந்து, மூச்சு வாங்கும் வரை சிரித்தார்.

இன்று காலை ஊஞ்சலடி முழுவதும் ஒரே பள்ளம். அதன் ஓரத்தில் தும்பிக்கையின் தடம் நீண்டு கிடக்கிறது.

பிள்ளைகள் இருக்கிற சாக்கையெல்லாம் இழுத்து வருகிறார்கள். டீச்சர் ஊஞ்சல் சங்கிலியை இழுத்து இழுத்துப் பார்க்கிறார்.