பால்கனிக்கு எந்தப் பக்கம்?

அந்தப் பழைய தியேட்டரில் டார்ச் அடித்து இருக்கை காட்டும் வேலைக்கு அவன் சேர்ந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. அன்று படம் பார்க்க வந்த ஓர் அம்மாவைப் பார்த்ததும் காவலாளி எழுந்து வணக்கம் வைத்தார். மேனேஜரே வாசலுக்கு ஓடிவந்து, "வாங்கக்கா, சொல்லியிருந்தா வண்டி அனுப்பியிருப்பேனே" என்றார்.

முதலாளி வீட்டு அம்மா போல என்று அவன் நினைத்தான். ஆனால் அந்த அம்மாவோ, "தம்பி, பால்கனிக்கு எந்தப் பக்கம் போகணும்?" என்று அவனிடம் கேட்டார்.

படம் தொடங்கவில்லை. விளக்குகள் எரிந்தன. தங்க முலாம் பூசிய தூண்களையும், கூரையில் தோகை விரித்த மயில்களையும் அந்த அம்மா வாய் பிளந்து பார்த்தார். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை.

"எல்லாருக்கும் உங்களைத் தெரியுது. நீங்க என்னடான்னா புதுசா வந்தவங்க மாதிரி பார்க்கிறீங்களேம்மா?"

"புதுசுதான் தம்பி. போன மாசம் ஓய்வு பெறுற வரைக்கும் வெளியில டிக்கெட் கவுண்டர்லதான் இருந்தேன். இந்தக் காட்சிக்குக் கொடுத்து முடிச்சா அடுத்த காட்சிக்கு வரிசை நிக்கும். எப்பவாவது எட்டிப் பார்த்தாலும் உள்ள இருட்டாத்தான் இருக்கும். படம் சுமாராமேன்னு தயங்குறவங்ககிட்ட, 'படத்தை விடுங்க, உள்ள அரண்மனை மாதிரி இருக்கும்'னு சொல்லிச் சொல்லியே வித்தேன்."

மறுபடியும் அண்ணாந்து பார்த்தார்.

"நல்லவேளை, நான் யாரையும் ஏமாத்தலை."