இல்லாத பிரேக்

பஸ் டிரைவர் வாங்கிய அந்தப் பழைய ஸ்போர்ட்ஸ் காரில், பக்கத்து சீட்டின் முன்னால் கம்பளம் ஓரிடத்தில் மட்டும் தேய்ந்து ஓட்டையாகியிருந்தது. அந்தப் பக்கமும் ஒரு பிரேக் இருந்தால் அங்கேதான் இருக்கும்.

"முன்னாடி வச்சிருந்தவன் பொண்டாட்டியா இருக்கும். புருஷன் ஓட்டுற லட்சணத்துக்கு உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு மிதிச்சிருக்கா, பாவம்," என்றாள் அவர் மனைவி.

அவர் சிரித்துக்கொண்டே பழையதைப் பிய்த்தெடுத்து, அதையே அளவாக வைத்துப் புதுக் கம்பளம் வெட்டி ஒட்டினார். ரிப்பேருக்குப் போன இன்ஜின் இன்னும் வரவில்லை. கார் வீட்டு ஷெட்டில் செங்கல் மேல் நின்றது.

ஒரே மாதத்தில் அதே இடம் வழுக்கையானது.

"நீ உள்ள உட்கார்ந்தியா?"

"எனக்கு வேற வேலை இல்லையா? முதல்ல வண்டி ஓடட்டும்."

மறுபடியும் புதிது ஒட்டினார். விடுமுறை நாள் காலையில் ஸ்டீயரிங்குக்குத் தோல் உறை தைத்து முடித்தார். பிடி எப்படி இருக்கிறதென்று ஏறி உட்கார்ந்து, சின்னப் பிள்ளை மாதிரி சட்டென்று இடப்பக்கம் ஒடித்தார். பக்கத்தில் கம்பளம் ஒரு பாதத்தின் அளவுக்கு அமுங்கியது. அமுங்கியபடியே இருந்தது.

அவர் ஸ்டீயரிங்கை மெல்ல நேராக்கினார். பயணிகளிடம் பேசும்போது திரும்பிப் பார்க்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது. எதிரே இருந்த ஷெட் சுவரையே பார்த்துக்கொண்டு சொன்னார்:

"பயப்படாதீங்கம்மா. மெதுவாத்தான் போறேன்."

கம்பளம் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்தது.