ஆடும் நாற்காலி

ஆய்வாளரின் பையில் ஒரு பெரிய பூட்டு இருந்தது. இன்றைக்கு ஒரே ஒரு குறை கண்ணில் பட்டாலும் கூடத்தைப் பூட்டிவிட்டு வரும்படி மேலதிகாரி சொல்லியனுப்பியிருந்தார். படியேறும்போது பூட்டைவிட அவருக்குக் கால்தான் கனத்தது.

சனிக்கிழமை மாலைகளில் அக்கம்பக்கத்துக்காரர்கள் ஏழெட்டுப் பேர் அந்தக் கூடத்தில் கூடுவார்கள். தெருவில் யார் வீட்டு ஃபேன், ரேடியோ, இஸ்திரிப் பெட்டி கெட்டாலும் சும்மாவே பழுது பார்த்துக் கொடுப்பார்கள். கரண்ட்டும் சூடான கம்பியும் புழங்குகிற இடம். யாருக்கும் ஆபத்து வராதபடி இருக்கிறதா என்று பார்ப்பது ஆய்வாளர் வேலை.

குறை இருந்தால் அடுத்த வாரமும் வர வேண்டும், ஒரு மணி நேரம் கூடவே உட்கார்ந்து கவனிக்க வேண்டும். அது விதி. இந்தக் குழுவிலோ குறை தீர்ந்தபாடில்லை. ஒரு வாரம் விரிப்பின் ஓரம் மடங்கிக் கிடக்கும், அதைச் சரி செய்தால் மறுவாரம் பிளக் தொங்கும்.

"வாங்க சார்" என்றாள் குழுவை நடத்தும் தையல்கார அம்மா. அவருக்கான சர்க்கரையில்லாத டீ மேசைமேல் தயாராக இருந்தது.

அவர் சுற்றி வந்தார். வயர் ஒழுங்காக இருந்தது, வாசலை எதுவும் அடைக்கவில்லை, தீயணைப்பான் எட்டும் இடத்தில் தொங்கியது. அப்பாடா, பிழைத்தார்கள் என்று நினைத்தபடி ஜன்னலோர நாற்காலியில் கை வைத்தார். அது ஆடியது. காலில் ஸ்க்ரூவைக் காணோம்.

"என்னம்மா இது? ஊரார் வீட்டு ஃபேனையெல்லாம் பிரிச்சு மாட்டறீங்க. ஒரு நாற்காலிக் காலை முடுக்கத் தெரியலையா?"

"வயசாச்சு சார், கண்ணு தெரியல" என்றார் ரேடியோக்காரர், மயிரிழைபோன்ற கம்பியைப் பற்றவைத்துக்கொண்டே.

ஆய்வாளருக்குத் திட்டக்கூடத் தெம்பில்லை. பூட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். "இனி என்னால காப்பாத்த முடியாதும்மா. பூட்டச் சொல்லிட்டாங்க."

மனைவி போனபிறகு நாலு பேரோடு உட்கார்ந்து அவர் டீ குடித்தது இங்கே மட்டும்தான். முதல் நாளே தையல்கார அம்மா, "சும்மாவும் வந்துட்டுப் போங்க சார்" என்று கூப்பிட்டாள். "வேலையில்லாத இடத்துல எனக்கென்னம்மா வேலை?" என்று சொல்லிவிட்டார்.

தையல்கார அம்மா ரேடியோக்காரரைப் பார்த்தாள். அவர் தலையசைத்தார். அவள் கத்தரிக்கோல் பைக்குள் கைவிட்டு ஒரு ஸ்க்ரூவை எடுத்து நீட்டினாள். கண் தெரியாத மனுஷன் அதை நொடியில் முடுக்கினார்.

"இப்ப ஆட்டிப் பாருங்க சார்."

நாற்காலி அசையவில்லை. ஆய்வாளருக்குக் கோபம் தலைக்கேறியது. "அப்ப அந்த விரிப்பு? அந்த பிளக்கு?"

"நாங்கதான் சார். நீங்க வர நேரம் பார்த்துச் செய்வோம், போனதும் சரி பண்ணிடுவோம்."

"பைத்தியமா உங்களுக்கு? கூடமே கையைவிட்டுப் போயிருக்கும். எதுக்கும்மா இந்த வேண்டாத வேலை?"

அவள் டீயை அவர் பக்கமாக நகர்த்தினாள்.

"எல்லாம் சரியா இருந்தா நீங்க வர மாட்டீங்களே சார்."