மஞ்சள் அலகு

ஆத்தப்பனுக்கு அவசரம் என்பதே ஆகாது. முதலிபாளையத்தில் உள்ள தம்முடைய பனியன் கம்பெனியில் ஒரு தையல் பிசகினாலும் கண்டுபிடித்துவிடுவார். ஊர்க் குளக்கரையில் பறவை எண்ணும்போதோ, அலகின் நிறம் பார்க்காமல் எந்தப் பெயரையும் சொல்லமாட்டார்.

கறுப்பு அலகென்றால் சின்னக் கொக்கு, மஞ்சள் அலகென்றால் பெரிய கொக்கு என்று உடன் வருவோருக்கெல்லாம் பாடம் நடத்துவார்.

பருவம் தப்பிய மழையும் ஏறிவரும் வெயிலும் பறவைகளை என்ன செய்கின்றன என்று அறிய, தன்னார்வலர்கள் தைதோறும் எடுக்கும் கணக்கு அது. மற்றக் குளங்களிலெல்லாம் பெரிய கொக்கு குறைந்திருக்க, அவருடைய குளத்தில் மட்டும் இரட்டிப்பாகியிருந்தது. நேற்றே அச்செய்தியை வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். இன்று மாலைக் கூட்டத்தில் அவருக்குப் பொன்னாடை.

அக்கரை வேலிக்காத்தான் மரங்களில், காலைப் பனியினூடே, அந்தக் கொக்குகள் இன்றும் வெள்ளை வெளேரென்று அமர்ந்திருந்தன.

பருந்தொன்று தாழப் பறந்தது. நாமக்கோழிகள் சிதறின. நாரைகள் எழுந்தன.

கொக்குகள் அசையவில்லை.

"ஏனுங்கண்ணா, உங்க கொக்குக தவம் கிவம் பண்ணுதுங்களா?" என்று சிரித்தாள், அவரோடு எண்ண வந்திருந்த வங்கி ஊழியை பிரிசில்லா.

இருவரும் கரையைச் சுற்றி நடந்தனர். அருகே சென்றதும் அவள் சிரிப்பு நின்றது.

மழைவெள்ளம் கொண்டுவந்து கிளைகளில் மாட்டிவிட்டுப் போன துணிகள்.

"போனாப் போகுதுங்கண்ணா. கொக்கெல்லாம் இன்னைக்குப் பறந்துபோயிருச்சுன்னு சொல்லிக்கலாமுங்க. எந்தப் புண்ணியவான் கொட்டுனானோ!"

ஆத்தப்பன் அத்துணிகளை உற்றுப் பார்த்தார்.

குழந்தைகளுக்கான வெள்ளைப் பனியன்கள். எண்ணெய்க் கறை பட்டதால் கழிக்கப்பட்டவை. வேஸ்ட் வாங்குகிறவரும் வேண்டாமென்று விட்டவை. "ஓடைப் பக்கமாத் தள்ளீட்டு வா" என்று ஐப்பசியில் வண்டி ஓட்டுநரிடம் சொன்னது இன்னும் அவர் காதிலேயே இருந்தது.

கழுத்தைச் சுற்றி மஞ்சள் பட்டி. அந்நிறத்தைத் தேர்ந்தெடுத்தவரும் அவரே.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினார்.

"பொன்னாடையெல்லாம் வேண்டாமுங்க அம்மிணி. சாயங்காலம் கூட்டத்துக்கு இதுல ஒண்ண எடுத்துட்டு வர்றன். எங்கம்பெனிக் கொக்குன்னு நானே சொல்லிப்போடறன்."