படுத்துச் செய்கிற பயிற்சி

மனைவி கழற்றிப் போட்ட செருப்பைத் தன் கையாலேயே எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பிலாட்டீஸ் உடற்பயிற்சி வகுப்பின் வாசல் பெஞ்சில் உட்கார்ந்தார் அவர். அவளுடைய போனும் கைப்பையும் அவர் மடியில் இருந்தன.

“இந்தக் காலத்துல இப்படியும் ஒரு புருஷனா! தங்கக் கம்பி” என்று பெருமூச்சு விட்டபடி உள்ளே போனாள் வங்கியில் வேலை பார்க்கும் அம்மாள்.

மூன்று மாதத்துக்கு முன்னால், சேர்த்துவிட வந்த அன்றைக்கே அவர் பயிற்சியாளரிடம் எல்லாவற்றையும் விசாரித்துவிட்டார்.

“மாடிப்படியில விழுந்து இடுப்பைப் பிடிச்சுக்கிச்சு. டாக்டர்தான் இங்க அனுப்பினார். இவளுக்கு எப்பவுமே அஜாக்கிரதை.”

மனைவி தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மணிக்கட்டில், நாலு விரல் பதிந்த மாதிரி கன்றிப்போயிருந்தது.

“ஆம்பளைங்க வருவாங்களா?”

“சேச்சே, இது பொம்பளைங்க பயிற்சி சார்” என்றாள் பயிற்சியாளர். அவளுக்கு இதைக் கற்றுக்கொடுத்த மீசைக்கார ஆசிரியர், சுவரில் மாட்டிய படத்திலிருந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

“உடம்புல பலம் கிலம் ஏறுமா?”

“அதெல்லாம் ஒண்ணும் ஏறாது சார். படுத்துக்கிட்டே கைகாலை நீட்டி மடக்கறதுதான்.”

“படுத்துக்கறதுக்கு ஒரு வகுப்பா!” அவர் வாய்விட்டுச் சிரித்தார். ஆனால் சேர்த்துவிட்டார்.

அன்றிலிருந்து வாரத்தில் நாலு நாள் அவர் அந்த பெஞ்சில்தான். மங்கல் கண்ணாடிக் கதவுக்குள் எதுவும் தெரியாது. “மூச்சை இழு... விடாதே... இன்னும் கொஞ்சம் பிடி” என்ற குரல் மட்டும் கேட்கும்.

வகுப்பு அஞ்சு நிமிஷம் நீண்டால் கதவில் இரண்டு தட்டு விழும். அந்தச் சத்தத்துக்கு உள்ளே ஒருத்தியின் முகம் மட்டும் வெளிறிப்போகும்.

இன்றைக்கு ஆறு மணிக்கு எல்லாரும் வெளியே வந்தார்கள். அவள் வரவில்லை.

அவர் தட்டினார். பத்து எண்ணும் நேரம் பொறுத்தார். பிறகு கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தார். பயிற்சியாளர் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

“எங்க அவ?”

“உடை மாத்தற ரூமுக்குப் போனாங்க சார்.”

அந்தக் கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது. தோளால் இடித்தார். மூன்றாவது இடியில் தாழ்ப்பாள் பிய்ந்து தெறித்தது.

அறை காலியாக இருந்தது. கூரையை ஒட்டியிருந்த சின்ன ஜன்னல் திறந்துகிடந்தது. சந்தில் ஒரு வண்டி கிளம்பி வேகமெடுக்கும் சத்தம் கேட்டது.

அவர் மெதுவாகத் திரும்பினார். பெஞ்சில் யாரும் இதுவரை பார்த்திராத முகம் அது.

“எட்டடி உயரம். ஏணி இல்ல, ஸ்டூல் இல்ல.” ஒவ்வொரு அடியாகப் பயிற்சியாளரை நெருங்கினார். “யார் தூக்கிவிட்டது? சொல்லு!”

போய்விட்டதாக அவர் நினைத்த பெண்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்து பயிற்சியாளருக்குப் பின்னால் நின்றார்கள். வங்கி அம்மாள் கையில் போன் இருந்தது. போலீஸ் லைனில் இருந்தது.

“யாரும் தூக்கிவிடல சார்.”

“புளுகாதே! படுத்துக்கிட்டு கால நீட்டறவ எப்படி அவ்வளவு உயரம் ஏறினா?”

பயிற்சியாளர் பாயைச் சுவரில் சாய்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

“அதைத்தான் சார் மூணு மாசமா சொல்லிக்கொடுத்தேன்.”