கலகப் படைக்கான விதிகள்

விண்வெளிப் போர்ப் பலகை விளையாட்டு ஒன்றைத் தயாரிக்கும் நிறுவனத்தில் அவள் விதி எழுதுபவள். விளையாட்டில் பேரரசை விட்டுப் பிரிந்த கலகப் படைக்கு அவள் எழுதிக் கொடுத்த விதிகளைத் தலைமைப் பரிசீலகர் மேசைமேல் வீசினார்.

“என்னம்மா அநியாயம் இது? பகடை சரியா விழலன்னா திரும்ப உருட்டலாமாம்! செத்த வீரன் எழுந்து வந்து சுடுவானாம்! எதிர்ல ஆடுறவன் கையைக் கட்டிக்கிட்டு வேடிக்கை பார்க்கணுமா?”

“ஏற்கெனவே மூணு தடவை எழுதினேன் சார். மூணையும் அடிச்சிட்டீங்க.”

“இதையும் அடிப்பேன்! இதை எழுதின கைக்குக் கூச்சமே இல்லையா?”

“அது உங்க கைதான் சார். போன வருஷம் பேரரசுப் படைக்கு நீங்க எழுதின விதிங்க இது. நான் படையோட பேரை மட்டும்தான் மாத்தினேன்.”

அவர் தாளை எடுத்துப் படித்தார். ஒவ்வொரு வரியும் அவருடையதுதான். ஆனால் குரல் மட்டும் இறங்கவில்லை.

“அதுக்கு? அது பேரரசும்மா!”